வம்சத்தில் இருந்தால் வந்தே தீருமா?

செல்லூரில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் பெண், தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களைத் தூக்கிப் போட மாட்டாள். குழந்தைக்குப் பால் கொடுத்த நேரத்தை அதன் பின்பக்கத்தில் குறித்து வைப்பாள். ஒரு மத்தியானம் அந்தத் தாள்களும் போனும் ஒரு கையில், நாலு மாதப் பெண் குழந்தை இடுப்பில் என்று கீழே இறங்கி வந்தாள். போனில் ஒரு விளம்பரம்.

"எச்சியத் துப்பி அனுப்புனா என்னென்ன வியாதி வரும்னு சொல்லிருவாய்ங்களாம்க்கா. மனசு சம்பந்தப்பட்டதுக்கும் பாக்குறாய்ங்களாம். எங்கம்மாவுக்கு வந்தது எனக்கு வருமா, இவளுக்கு வருமா, அது மட்டும் தெரிஞ்சாப் போதும்."

அவளுடைய அம்மாவுக்கு இருபத்தெட்டு வயதில் முதல்முறை வந்தது. ஆறு மாதம் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தாராம். தலை பின்னவில்லை, உலை வைக்கவில்லை, என்ன கேட்டாலும் "ஒண்ணுமில்ல" என்ற ஒரே பதில். யாராவது விசாரித்தால் மஞ்சக்காமாலை என்று சொல்லும்படி வீட்டில் உத்தரவு. முதலில் பாண்டி கோயிலுக்குக் கூட்டிப்போனார்கள், பிறகு பெரியாஸ்பத்திரிக்கு. மாத்திரையில் குணமானார். குணமாகிவிட்டதே என்று மாத்திரையை நிறுத்தினார்கள். நாலு வருடம் கழித்து மறுபடி வந்தது. மறுபடி வைத்தியம். இப்போது நன்றாக இருக்கிறார். விடியற்காலையில் மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் மல்லிகை எடுத்து வந்து தெருமுனையில் கட்டி விற்கிறார்.

விளம்பரத்தை மூடச் சொல்லிவிட்டு, ஒரு காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு, அவளுடைய குடும்பத்தை வரையச் சொன்னேன். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம், டாக்டர்கள் வரைவது போல. அவள் வரைந்துகொண்டிருந்தபோது நான் சொன்னதையும், குழந்தை அழுததால் பாதியில் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் பெயர். நம் பத்திரிகைகள் "மன அழுத்தம்" என்ற ஒரே சொல்லை இரண்டுக்கும் போடுகின்றன: ஆபீஸ் டென்ஷனுக்கும் அதுதான், ஆறு மாதம் சுவரைப் பார்த்துப் படுக்கவைக்கும் நோய்க்கும் அதுதான். இந்தக் குழப்பம் நிறையப் பேரைக் கெடுத்திருக்கிறது. இரண்டாவதற்கு மனச்சோர்வு என்ற சொல் இருக்கிறது. நாள் முழுக்க மனம் கனத்துக் கிடப்பது, பிடித்த எதிலும் பிடிப்பு இல்லாமல் போவது, தூக்கமும் பசியும் மாறுவது, உடம்பு அசதி, தான் எதற்கும் லாயக்கில்லை என்ற எண்ணம், செத்துவிடலாமா என்ற யோசனை என ஒரு கூட்டமாக அறிகுறிகள் சேர்ந்து இரண்டு வாரத்துக்குக் குறையாமல் நீடித்தால்தான் அது நோய். கடன்காரன் வந்து கத்திவிட்டுப் போன அன்று மனசு சரியில்லாமல் இருப்பது வேறு.

இந்த நோய் குடும்பத்தில் ஓடும் என்பது பாட்டிமார்களுக்கு எப்போதோ தெரியும். எவ்வளவு ஓடும் என்பதைக் கணக்கிட இரட்டையர்கள் உதவினார்கள். ஒரு கரு பிரிந்து பிறந்த இரட்டையருக்கு மரபணு ஏறக்குறைய முழுக்க ஒன்று. இரு கருவில் பிறந்தவர்களுக்குப் பாதி அளவே பொது. இந்த இரண்டு வகை ஜோடிகளிலும் நோய் எப்படிச் சேர்ந்து வருகிறது என்று ஒப்பிட்டால் மரபின் பங்கு தெரியும். 2000-இல் பாட்ரிக் சல்லிவனும் சக ஆய்வாளர்களும் அதுவரை வந்த நல்ல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 37 சதவீதம் என்றார்கள். 2006-இல் சுவீடன் நாட்டு இரட்டையர் பதிவேட்டை வைத்து கென்னத் கெண்ட்லர் குழு கண்டது 38. பெண்களிடம் அது 42, ஆண்களிடம் 29. சர்க்கரை நோய், மனச்சிதைவு போன்றவற்றோடு ஒப்பிட்டால் இது நடுத்தரமான எண்தான்.

இந்த எண்ணைத்தான் எல்லோரும் தவறாகப் படிக்கிறார்கள். அந்தப் பெண்ணும் அப்படித்தான் கேட்டாள்: "அப்ப எனக்கு வர்றதுக்கு முப்பத்தேழு பர்சன்ட் சான்ஸாக்கா?" இல்லை. அவள் அம்மாவின் நோயில் 37 பங்கு மரபணு, மீதி 63 பங்கு வாழ்க்கை என்றும் பொருள் இல்லை. இதை விளக்க அவள் அம்மா விற்கும் பூவே போதும்.

மதுரை மல்லியை யாரும் விதை போட்டு வளர்ப்பதில்லை. கொடியின் தண்டை வெட்டி வேர்விடச் செய்த பதியக் கன்றுதான் நடவுக்கு வரும், அதுவும் பெரும்பாலும் ராமநாதபுரம் மாவட்டத்துத் தங்கச்சிமடம் பக்கத்திலிருந்து. ஒரே தாய்ச்செடியிலிருந்து எடுத்த கன்றுகள் என்றால், ஒரு கன்றுக்கும் மற்றொன்றுக்கும் மரபணுவில் வித்தியாசமே கிடையாது. அவற்றில் பாதியை திருமங்கலம் பக்கம் சொட்டுநீரும் எருவும் போட்ட தோட்டத்திலும், மீதியை மானாவாரி நிலத்திலும் நடுங்கள். ஒன்று கூடை கூடையாகக் கொடுக்கும், இன்னொன்று கைப்பிடி கொடுக்கும். இந்த வித்தியாசத்தில் மரபின் பங்கு பூஜ்யம், முழுக்க மண்ணும் நீரும். அதற்காக மல்லிகையின் மணம் மரபணுவில் இல்லை என்று சொல்வோமா? மணம் வருவதே அதனால்தான். மாறாக, பல ரகத்துச் செடிகளைக் கலந்து ஒரே தோட்டத்தில், ஒரே தண்ணீரில் வளர்த்தால், அங்கே தெரியும் வித்தியாசத்தில் பெரும்பங்கு மரபணுவுடையது ஆகிவிடும். மல்லிகை மாறவில்லை, சுற்றுப்புறம் மாறியதால் சதவீதம் மாறியது.

ஆக, 37 என்பது ஒரு கூட்டத்து ஆட்களிடையே உள்ள வேறுபாடுகளைப் பற்றிய எண். தனியாக ஒரு செடியைக் காட்டி, "இதன் பூவில் எத்தனை பங்கு மண், எத்தனை பங்கு மரபு?" என்று கேட்டால் பதிலே கிடையாது. சுவீடனில் 38 வந்தது சுவீடனின் வேலை, வீடு, குளிர், மருத்துவ வசதி எல்லாம் சேர்ந்த ஒரு தோட்டத்தில். வைகைக்கரைத் தோட்டத்தில் அதே எண் வரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

சரி, அந்த மரபணு எது? இந்தக் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது என்று உலகமே ஒருமுறை நம்பியது. 2003-இல் அவ்ஷலோம் காஸ்பி குழுவினர், நியூசிலாந்தின் டனீடின் நகரில் பிறந்ததிலிருந்து தொடர்ந்து கவனிக்கப்பட்டு வந்த 847 பேரை ஆராய்ந்து, மூளை செல்களுக்கிடையே தகவல் கொண்டுபோகும் செரட்டோனின் என்ற ரசாயனத்தைக் கடத்தும் புரதத்துக்கான மரபணுவின் குட்டை வடிவம் உள்ளவர்கள் வாழ்க்கையில் அடிபட்டால் எளிதில் மனச்சோர்வுக்கு ஆளாகிறார்கள் என்று எழுதினார்கள். அழகான விளக்கம். பாடப்புத்தகம் வரை போனது. 2009-இல் பதினான்கு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது அந்தத் தொடர்பு காணாமல் போனது. 2019-இல் இன்னும் கடுமையான சோதனை. செரட்டோனின் மரபணு உட்பட அதுவரை புகழ்பெற்றிருந்த 18 மரபணுக்களை லட்சக்கணக்கானோரின் தரவில் தேடினார்கள். ஏதோ ஒரு 18 மரபணுவைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்திருந்தால் என்ன கிடைக்குமோ, அதைவிட அதிகமாக ஒன்றும் கிடைக்கவில்லை. பதினைந்து வருடத்துக்கு மேலான உழைப்பு, நூற்றுக்கணக்கான கட்டுரைகள், எல்லாம் சிறிய கூட்டத்தை வைத்துப் பெரிய முடிவு கட்டியதால் போனது. இதைச் சொல்லக் காரணம் உண்டு. அந்தப் பழைய மரபணுப் பெயர்களை இன்றைக்கும் அச்சடித்துத் தரும் ரிப்போர்ட்டுகள் இருக்கின்றன.

இன்றைய நிலவரம் வேறு. 29 நாடுகளின் ஆய்வாளர்கள் கூடி 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் மரபணுத் தரவைச் சேர்த்து, 2025 ஜனவரியில் வெளியிட்ட ஆய்வில், மனித மரபணுத் தொகுப்பில் மனச்சோர்வோடு தொடர்புள்ள 697 சிறு மாறுபாடுகளைக் கண்டார்கள். அந்த 50 லட்சத்தில் மனச்சோர்வு வந்தவர்கள் மட்டும் 6,88,808 பேர். 697 மாறுபாடுகளும் தனித்தனியாக அற்பம். ஒவ்வொன்றும் ஒரு சில்லறைக்காசு மாதிரி. எல்லோருடைய மடியிலும் இந்தச் சில்லறை இருக்கிறது, உங்கள் மடியிலும் என் மடியிலும். சிலரிடம் கொஞ்சம் கூடுதல், சிலரிடம் கொஞ்சம் குறைவு. "எங்க வம்சத்துல அந்த ரத்தமே கிடையாது" என்று பெண் பார்க்க வந்த இடத்தில் சொல்லும் குடும்பத்தின் மடியிலும் அது இருக்கிறது.

இந்தச் சில்லறையை எல்லாம் கூட்டிப் போடும் கணக்குத்தான் மரபணு இடர் மதிப்பெண். எச்சில் கிட் நிறுவனங்கள் விற்பது இதன் ஏதோ ஒரு வடிவம். மிகப் பெரிய அந்த ஆய்வின் தரவை வைத்துக் கணக்கிட்டபோதும், ஐரோப்பிய வம்சாவளியினரிடையே ஒருவருக்கும் மற்றவருக்கும் உள்ள வேறுபாட்டில் அந்த மதிப்பெண்ணால் விளக்க முடிந்தது சுமார் 6 சதவீதம். ஆய்வாளனுக்கு இது பெரிய சாதனைதான். ஆனால் மாடிவீட்டுப் பெண்ணுக்கு வருமா வராதா என்று சொல்ல இது போதவே போதாது.

அதுவும் ஐரோப்பியர்களுக்கு. இதுவரை நடந்த மரபணு ஆய்வுகளில் கலந்துகொண்டவர்களில் மிகப் பெரும்பாலானோர் ஐரோப்பிய வம்சாவளியினர். அவர்களை வைத்துச் செய்த அளவுகோலால் நம்மை அளந்தால் துல்லியம் இன்னும் குறைகிறது. இந்தியாவில் 10,000 பேரின் முழு மரபணு வரிசையை எடுத்த ஜீனோம் இந்தியா திட்டத்தின் தரவு 2025 ஜனவரியில்தான் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. நமக்கான அளவுகோல் இனிமேல்தான்.

மதுரைக்காரர்களுக்கு மரபணு என்றதும் வேறொரு கதை நினைவுக்கு வரும். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ராமசாமி பிச்சப்பன் குழுவினர் சுற்றுவட்டாரத்து ஆட்களின் ரத்தத்தைச் சேகரித்து ஆராய்ந்ததும், உசிலம்பட்டிப் பக்கம் ஜோதிமாணிக்கம் கிராமத்து இளைஞர் ஒருவரிடம் எம்130 என்ற குறியீடு கிடைத்ததும், ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாக ஆஸ்திரேலியா வரை போன ஆதிமனிதர்களின் தடம் அது என்று உலகத் தொலைக்காட்சிகள் அந்த ஊருக்கு வந்ததும் இங்கே பெருமையாகப் பேசப்பட்ட விஷயம். பெருமைப்படவேண்டியதுதான். ஆனால் அந்தக் கதை, மரபணு என்றால் ஒரே ஒரு முத்திரை, அது இருந்தால் இருக்கிறது, இல்லாவிட்டால் இல்லை என்ற எண்ணத்தை நம் மனதில் பதித்துவிட்டது. தகப்பன் வழியில் மட்டும் இறங்கும் ஒய் குரோமோசோமின் குறியீடு அப்படிப்பட்டதுதான், அது முன்னோர் நடந்த வழியைச் சொல்லும். மூளையைச் சிறுகச் சிறுகச் சிதைக்கும் ஹண்டிங்டன் நோய் போல ஒரே மரபணுவால் வரும் நோய்களும் அப்படித்தான், பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர சரிபாதி வாய்ப்பு. மனச்சோர்வு அந்த ஜாதி நோய் அல்ல.

வரைந்துகொண்டிருந்தவள் இந்த இடத்தில் பேனாவை நிறுத்தினாள். "எங்க வீட்டுக்காரர் எனக்குத் தாய்மாமன்க்கா. அவரை எங்கிட்டுப் போடுறது?" தாளில் அது ஒரு வளையமாகத்தான் வரும். அவளுடைய அம்மாச்சிதான் அவளுக்கு மாமியார். குழந்தைக்கு அம்மாவின் அம்மாச்சியும் அவரே, அப்பத்தாவும் அவரே.

தமிழ்நாட்டில் நான்கில் ஒரு திருமணத்துக்கும் மேல் சொந்தத்தில்தான் நடந்திருக்கிறது என்று 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. சொந்தத்தில் கட்டுவதால் கூடும் ஆபத்து முக்கியமாக வேறு வகை நோய்களில். தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் ஒரே பழுதான பிரதி வந்தால் மட்டும் தலைகாட்டும் நோய்கள் அவை. அந்த ஆபத்து உண்மையானது. ஆனால் "மாமனைக் கட்டுனதாலதான் மனசு கெட்டுச்சு" என்று ஒரு பெண்ணின் மனச்சோர்வுக்குக் காரணம் காட்ட இதில் இடமில்லை. அவள் விஷயத்தில் மாறுவது ஒன்றுதான். குழந்தைக்கு நோயுற்ற அந்த அம்மா பாட்டி மட்டுமல்ல, அப்பாவின் அக்கா என்பதால் அத்தையும் கூட. இரண்டு வழியிலும் வருவதைக் கூட்டினால், ஒரு மகள் தாயோடு பகிர்ந்துகொள்ளும் அளவு மரபணுவை இந்தப் பேத்தி அந்தப் பாட்டியோடு பகிர்ந்துகொள்கிறாள். குடும்ப வரலாறு கேட்கும் டாக்டரிடம் "பாட்டிக்கு இருந்தது" என்று மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாகும்.

இப்போது அவள் கேட்ட கேள்விக்கு வருவோம். பெற்றோர் அல்லது உடன்பிறந்தவருக்கு மனச்சோர்வு இருந்தால் நமக்கு வரும் வாய்ப்பு இரண்டு முதல் மூன்று மடங்கு. சல்லிவன் தொகுப்பில் அது ஏறக்குறைய 2.8. மடங்கு என்றாலே வயிற்றைக் கலக்கும். தலையை எண்ணிப் பார்த்தால் பயம் அளவுக்கு வரும். 2015–16 தேசிய மனநல ஆய்வின்படி இந்தியாவில் இருபது பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது மனச்சோர்வு வந்திருக்கிறது. அதை மூன்றால் பெருக்கினால் இருபதுக்கு மூன்று. அவள் நிலையில் இருக்கும் இருபது பேரைத் தெப்பக்குளப் படியில் வரிசையாக உட்காரவைத்தால், பதினேழு பேருக்கு அது வராமலே போகும். நம் ஊரில் நோயை மறைக்கும் பழக்கத்தால் உண்மைக் கணக்கு கூடுதலாக இருக்கலாம், அம்மாவுக்கு இளம் வயதில் வந்ததும் திரும்ப வந்ததும் தராசை இன்னும் கொஞ்சம் சாய்க்கும். அப்படியும் வராதவர்கள்தான் அதிகம். இதை நான் சமாதானத்துக்காகச் சொல்லவில்லை, கணக்கு இதுதான்.

கிட் வாங்கினால் தெரிந்துகொள்வதற்குப் பதில் கெட்டுப்போகவும் வாய்ப்பிருக்கிறது. அமெரிக்காவில் மாத்யூ லெபோவிட்ஸ், வூ-கியுங் ஆன் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். கலந்துகொண்டவர்களின் எச்சிலைச் சோதிப்பதுபோலக் காட்டி, உண்மையில் எந்த மரபணுவும் பார்க்காமலே, சிலரிடம் உங்களுக்கு மனச்சோர்வுக்கான மரபணு இருக்கிறது என்றும் சிலரிடம் இல்லை என்றும் சொன்னார்கள். பிறகு கடந்த இரண்டு வாரம் எப்படி இருந்தீர்கள் என்று கேட்டார்கள். இருக்கிறது என்று கேட்டவர்கள் தங்கள் இரண்டு வாரத்தையும் மற்றவர்களைவிடச் சோர்வானதாக நினைவுகூர்ந்தார்கள். நடந்து முடிந்த நாட்களின் நினைவையே ஒரு தாள் மாற்றிவிட்டது. 2017-இல் வந்த ஆய்வு இது. அடுத்த வருடம் அவர்களே வெளியிட்ட இன்னொரு ஆய்வில், அப்படிச் சொல்லப்பட்டவர்களுக்கு மனச்சோர்வு வந்தால் சமாளிப்போம் என்ற தெம்பும் குறைந்திருந்தது. மரபணு என்பது விதி அல்ல என்று ஒரு சிறு வீடியோவில் விளக்கியதும் அந்தத் தெம்பு ஓரளவு திரும்பியது. நாலு மாதக் குழந்தையோடு ராத்திரி தூங்காமல் இருக்கும் ஒரு தாயின் கையில் அப்படி ஒரு தாளைக் கொடுக்க எனக்கு மனம் வராது.

தாளைவிட நல்ல சோதனை ஒன்று நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. காசு கிடையாது, எச்சில் வேண்டாம். குடும்பத்தில் யாருக்கு, எந்த வயதில், என்ன வந்தது, எதில் குணமானது என்ற பேச்சு. மூன்று தலைமுறை தெரிந்தால் இன்னும் நல்லது. மிர்னா வைஸ்மன் குழுவினர் 1982 முதல் ஒரே குடும்பங்களைப் பின்தொடர்ந்து, 2016-இல் காட்டியது இது: பெற்றோர், பாட்டன் பாட்டி என இரண்டு தலைமுறையிலும் மனச்சோர்வு இருந்த பிள்ளைகளுக்குத்தான் ஆபத்து மிக அதிகம். மனநல மருத்துவர் முதல் சந்திப்பிலேயே குடும்பத்தைப் பற்றிக் கேட்பதன் காரணமும் இதுதான். அந்தப் பதில் வைத்தியத்தையே மாற்றும். குடும்பத்தில் யாராவது சில மாதம் சோர்ந்து கிடந்து, வேறு சில மாதம் தூங்காமல் ஓயாமல் பேசி, கையிலிருந்த பணத்தையெல்லாம் வாரி இறைத்தவர் உண்டு என்றால், அது இருதுருவ நோயாக இருக்கலாம். அந்த வம்சத்தில் ஒருவர் சோர்வோடு வரும்போது சோர்வுக்கான மாத்திரையை மட்டும் கொடுத்தால் மறுபக்கம் எகிறிவிடக்கூடும் என்று மருத்துவர் எச்சரிக்கையாக இருப்பார். நெருங்கிய உறவினருக்கு எந்த மருந்து ஒத்துக்கொண்டது என்பதையும் கேட்பார்.

இந்தச் சோதனையைத்தான் நாம் பாழாக்கி வைத்திருக்கிறோம். என் கோபம் எச்சில் கிட் விற்பவர்கள் மேல் கொஞ்சம்தான், இதன் மேல் நிறைய. பெண்ணுக்கு மாப்பிள்ளை அமையவேண்டும், தங்கச்சி இருக்கிறாள், தம்பி இருக்கிறான் என்று ஒவ்வொரு வீடும் தன் நோயாளியை மஞ்சக்காமாலை ஆக்குகிறது. "வயித்துவலி தாங்காம செத்துப்போச்சு" என்று இந்தப் பக்கம் எத்தனை குடும்பங்களில் கேட்டிருப்பேன்! சொல்பவருக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும். மறைத்து மறைத்து, கடைசியில் மறைக்க முடியாத நோயாளியைக் கொண்டுபோய் விட்ட இடங்களில் ஒன்று ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை அங்கே ஒரு காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் செத்தார்கள். மதுரையிலிருந்து பஸ்ஸில் சில மணி நேரத் தூரம். அவர்களுக்கு இருந்தது பெரும்பாலும் வேறு, இன்னும் கடுமையான மனநோய்கள். மறைக்கும் வழக்கம் ஒன்றுதான்.

கோயிலுக்குப் போவதை நான் குறை சொல்லமாட்டேன். பாண்டி கோயிலில் அந்த அம்மாவின் தலையில் கைவைத்துத் திருநீறு பூசியவர்கள், ஆறு மாதம் யாரும் தொடாத ஒருத்தியைத் தொட்டார்கள். அதோடு மருந்தும் வேண்டும், அவ்வளவுதான்.

நோய் வந்த தாய்க்கு வைத்தியம் பார்ப்பது பிள்ளைக்கும் தடுப்பு மருந்து. அமெரிக்காவில் 2006-இல் வெளியான ஓர் ஆய்வில், மனச்சோர்வுக்கு மருந்து எடுத்த தாய்மார்களின் பிள்ளைகளை மூன்று மாதம் கவனித்தார்கள். தாய்க்குக் குணமான வீடுகளில் பிள்ளைகளின் மனநலச் சிக்கல்களும் குறைந்தன, குணமாகாத வீடுகளில் கூடின. மூன்று மாதத்தில் யாருடைய மரபணுவும் மாறுவதில்லை. மாறியது பிள்ளை வளரும் தோட்டம். அம்மா மாத்திரையை நிறுத்தாமல் இருந்திருந்தால் அந்த இரண்டாவது முறை வராமல் போயிருக்கலாம் என்று இந்தப் பெண் இன்றும் நினைக்கிறாள். குணமான பிறகும் மருந்தைக் குறைந்தது ஆறு மாதமாவது தொடரச் சொல்வதும், திரும்ப வந்தவர்களுக்கு அதைவிட நீட்டுவதும் அதற்காகத்தான்.

உடம்பை அசைப்பது மரபணு ஆபத்து கூடுதலாக உள்ளவர்களுக்கும் வேலை செய்கிறதா என்று பாஸ்டனில் கார்மெல் சோய் குழுவினர் கிட்டத்தட்ட 8,000 பேரிடம் பார்த்தார்கள். தினம் கூடுதலாக 35 நிமிட உடலசைவு, புதிதாக மனச்சோர்வு வரும் வாய்ப்பை 17 சதவீதம் குறைவாகக் காட்டியது, மரபணு மதிப்பெண் அதிகமாக இருந்தவர்களிடமும். தெப்பக்குளத்தை விடியக்காலையில் சுற்றுகிறவர்கள் பெரும்பாலும் சர்க்கரைக்கு நடக்கிறார்கள். மனசுக்கும் அதே நடைதான். ஆனால் ஏற்கெனவே படுத்த படுக்கையாகிவிட்டவரிடம் போய் "எந்திரிச்சு நடந்தா எல்லாம் சரியாயிரும்" என்று சொல்வது கொடுமை. எழுந்திருக்க முடியாததுதான் அந்த நோய்.

மரபணுச் சோதனை உண்மையிலேயே உதவும் ஒரு மூலையையும் சொல்லிவிட வேண்டும். எஸ்சிட்டலோபிராம் போன்ற மாத்திரைகளைக் கல்லீரலில் உடைக்கும் சிபி2சி19 என்ற நொதி சிலரிடம் மிக மெதுவாக வேலை செய்யும். அந்த மெதுவான வகை தென்னிந்தியர்களிடம் ஐரோப்பியர்களைவிட அதிகம். அவர்களுக்கு வழக்கமான அளவே கூடுதலாகிப் பக்கவிளைவு வரலாம். மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் திரும்பத் திரும்ப அவதிப்பட்டால் மருத்துவரிடம் இதைக் கேட்கலாம். அது மருந்தைப் பற்றிய சோதனை, நோய் வருமா என்று சொல்லாது. சோர்வு என்று வந்ததும் தைராய்டு, ரத்தசோகை, பி12 பார்ப்பது அதைவிட முக்கியம், விலையும் குறைவு.

இன்ஷூரன்ஸ் பயமும் பலருக்கு உண்டு. மரபுவழி நோய் என்ற பொத்தாம்பொதுவான காரணத்தைக் காட்டி மருத்துவக் காப்பீட்டை மறுப்பது பாகுபாடு என்று 2018-இல் டெல்லி உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உடல் நோய்க்குச் சமமாக மனநோய்க்கும் காப்பீடு தரவேண்டும் என்பது 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 21-ஆவது பிரிவில் இருக்கிறது. ஏட்டில் இருப்பதைக் கேட்டு வாங்கவேண்டும்.

மாடிவீட்டுப் பெண்ணுக்கு இப்போதைக்கு முக்கியமானது இந்த ஒரு வருடம். பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்களில் மனச்சோர்வு எந்தத் தாய்க்கும் வரலாம், குடும்பத்தில் இருந்தால் வாய்ப்பு கூடுதல். அதைக் கண்டுபிடிக்க 1987-இல் உருவான எடின்பரோ அளவுகோல் என்ற பத்துக் கேள்விப் பட்டியல் உண்டு, தமிழிலும் இருக்கிறது. ஐந்து நிமிட வேலை. குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போகும்போது செவிலியரிடம் "எங்கம்மாவுக்கு இது இருந்துச்சு, எனக்கும் பாருங்க" என்று அவளே கேட்கலாம். குழந்தை தூங்கும்போதும் தனக்குத் தூக்கம் வராதது, குழந்தையைப் பார்த்தால் ஒன்றும் தோன்றாமல் மரத்துப்போவது, நான் இல்லாவிட்டால் இது நல்லா இருக்கும் என்ற நினைப்பு. இவற்றில் எது வந்தாலும் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம் என்று சொன்னேன். கடைசியாகச் சொன்னது வந்தால் ஒரு நாள்கூட வேண்டாம். பெரியாஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. 1992 முதல் மதுரையில் செல்லமுத்து அறக்கட்டளை இந்த வேலையைச் செய்துவருகிறது. நடுராத்திரி என்றால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழில் பேசுவார்கள், காசு இல்லை. அந்த எண்ணை அவள் காலண்டர் தாளின் ஓரத்தில் எழுதிக்கொண்டாள்.

பேரப்பிள்ளையைத் தேடிக்கொண்டு அம்மாச்சி மாடியிலிருந்து இறங்கி வந்தார். திண்ணையில் உட்கார்ந்து தாளைப் பார்த்தார். "என்னடி இது, வட்டமும் கட்டமுமா?" பேத்தி விரலை வைத்து ஒவ்வொருவராகச் சொன்னாள். அம்மா வட்டத்தை மட்டும் பேனாவால் கறுப்பாக அடைத்திருந்தாள். அம்மாச்சி வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தன் வட்டத்துக்குப் பக்கத்தில் இருந்த வெறும் இடத்தில் விரலை வைத்தார்.

"இங்கிட்டு ஒண்ணு போடு. எனக்கு நேர் மூத்தவ."

"உங்களுக்கு அக்கா இருந்துச்சா? யாருமே சொன்னதில்ல."

"வயித்துவலின்னு சொல்லிட்டோம்."

குழந்தை அம்மாச்சியின் மடிக்குத் தாவியது. பேத்தி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "என்ன வயசு?" என்று கேட்டாள்.

"இருபத்தாறு. கைப்பிள்ளை இருந்துச்சு."

அவள் ஒரு வட்டம் போட்டாள். அடைத்தாள். கீழே 26 என்று எழுதி, பக்கத்தில் "கைப்பிள்ளை" என்று எழுதினாள். தாளை நாலாக மடித்து, குழந்தையின் தடுப்பூசி அட்டைக்குள் வைத்துக்கொண்டு, "அடுத்த ஊசி எப்ப வருது, பாருங்கக்கா" என்றாள்.